பழைய பிக்கப்பின் சாய்ந்த கூண்டு

வீதியோரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை, அதற்குப் பின்னே பத்தடி தூரத்தில் நின்று பாருங்கள். பின்னேயுள்ள சுமைப்பெட்டி நேராக இருக்கும். அதற்கு முன்னே, சாரதி அமரும் கூண்டு மட்டும், ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கும் மனிதரைப் போல, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் வந்து பார்த்தால், கூண்டுக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள வெளி மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் தோன்றும். சாரதி வந்து ஏறிக் கதவை அடிப்பார், பூட்டாது. கதவைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து மறுபடியும் அடிப்பார், பூட்டும். பல ஆண்டுகள் இவ்வாறு செய்து பழகிய சாரதிக்கு இது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

இந்தச் சாய்வு எதனால் உண்டாகிறது, அதனை எவ்வாறு மட்டத்திற்குக் கொண்டுவருவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். 2020ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்நாட்டிற்கு மோட்டார் வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் முப்பது, நாற்பது ஆண்டு வயதான பிக்கப் வண்டிகளே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. இன்றும் அவற்றுள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆதலின், இப்பொருளைப் பழைய வண்டிகளிற் பற்றுடைய சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

என் தாய்மாமன் ஒருவர் பருத்தித்துறைக் கரையில் மீன் எடுத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் விற்பவர். அவருடைய ஜப்பானியப் பிக்கப் 1980களில் தயாரானது. 2023ஆம் ஆண்டு அவ்வண்டியின் கூண்டு சாரதி பக்கத்தில் பின்மூலை தாழ்ந்து, கதவு பூட்டுப்பட மறுத்தது. ஒரு கராஜில் அம்மூலையின் போல்ட்டைக் கழற்றி, நசுங்கிய இறப்பரின்மேல் நான்கு வாஷர்களை அடுக்கி, மீண்டும் முறுக்கிக் கொடுத்தார்கள். வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, செலவும் சொற்பம், கதவும் அழகாகப் பூட்டுப்பட்டது. மாமா மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

ஐந்து மாதங்களின் பின், கிளிநொச்சியின் உள்வீதி ஒன்றில் சில்லு ஒரு குழியில் இறங்கி ஏறியபோது, அந்தப் போல்ட் கூண்டின் தளத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. கூண்டு இரண்டு விரற்கடை அளவு கீழே விழுந்தது. தளத்திலுள்ள துவாரத்தின் விளிம்பு கியர்த் தண்டை நெருக்கிப் பிடித்தது. ஸ்டியரிங் கனத்தது. மெதுவாகச் சென்றமையால் மாமா பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டார். வேகமான நெடுவீதியில் இது நிகழ்ந்திருப்பின் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்று பெட்டிகளிலிருந்த பனிக்கட்டி உருகி, மீன் முழுவதும் பழுதாயிற்று. பின்பு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "நான் கதவைத்தான் தம்பி பார்த்தனான். கீழ குனிஞ்சு பார்க்கேல்லை."

நேயர்களே, இப்பேச்சு முழுவதற்கும் அந்த ஒரு வாக்கியமே போதுமானது. சாய்வு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. கூண்டைத் தூக்குமுன் அது ஏன் தாழ்ந்தது என்பதை அறிய வேண்டும்.

முதலில் இவ்வண்டிகளின் அமைப்பைப் பார்ப்போம். இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றிற்கு உடலே எலும்பு. பிக்கப் வண்டிகளோ பெரும்பாலும் அவ்வாறல்ல. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் பிக்கப்பை நம்மிடையே முதியோர் அறிவர். மொறிஸ் மைனர் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. அதன் பிக்கப்பிற்கோ உண்டு. 1968ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ், 1972ஆம் ஆண்டின் டட்சன் 620, 1978ஆம் ஆண்டின் மிற்சுபிஷி எல் 200 ஆகியவையும் தனி அடிச்சட்டத்தின்மேல் எழுந்தவையே. கராஜ்களிற் சசி என்று வழங்கும் இந்த அடிச்சட்டம் ஏணியைப் போன்றது. இரண்டு நீண்ட உருக்குத் தண்டுகள் முன்னிருந்து பின்வரை ஓடும். அவற்றைக் குறுக்குத் தண்டுகள் இணைக்கும். இயந்திரம், அச்சுகள், சுமைப்பெட்டி, கூண்டு யாவும் இவ்வேணியிலே தனித்தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும்.

ஏணி ஒன்றின் ஒரு காலை மட்டும் தூக்கினால் அது சிறிது முறுகும் அன்றோ? அவ்வாறே, ஒரு சில்லு குழியில் இறங்கும்போது அடிச்சட்டமும் முறுகும், முறுகி மீளும். அது அதன் இயல்பு. ஆனால் கூண்டு ஒரு பெட்டி. பெட்டி இலகுவில் முறுகாது. முறுகும் ஏணியின்மேல் முறுகாத பெட்டியை இரும்போடு இரும்பாக இறுக்கிவிட்டால், பொருத்தும் இடங்களில் தகடு வெடிக்கும், கண்ணாடி உடையும், இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் சாரதியின் உடம்பிலே ஏறும். ஆகவே இரண்டிற்கும் இடையே நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுவே இறப்பர்த் திண்டு. கராஜ்காரர் இதனைப் புஷ் என்பர். அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டு போர்ட் நிறுவனம் தனது எப் வரிசை லொறிகளை வெளியிட்டபோது, கூண்டை அடிச்சட்டத்தின் முறுக்கிலிருந்து விலக்கிவைக்கும் புதிய அமைப்பை ஒரு பெருஞ்சிறப்பாக விளம்பரம் செய்தது.

அடிச்சட்டத்தின் பக்கங்களிலிருந்து வெளியே நீளும் இரும்புக் கைகளின்மேல் இத்திண்டுகள் அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு துண்டுகளாக இருக்கும். மேற்பாதி கூண்டின் பாரத்தைத் தாங்கும். கீழ்ப்பாதி கூண்டு மேலே துள்ளாமற் பிடிக்கும். நடுவே ஒரு நீண்ட போல்ட். அந்தப் போல்ட்டைச் சூழ்ந்து ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. இக்குழாய் சிறியதாயினும் செய்யும் பணி பெரிது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும், குழாயின் நீளத்திற்கு மேல் இறப்பர் நசுங்காது. ஒரு கூண்டிற்கு இத்தகைய திண்டுகள் எத்தனை என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். நான்கு மூலைகளிலும் தாங்குவது பொதுவான அமைப்பு.

இனி, இறப்பர் ஏன் தளர்கிறது என்பதைக் கேட்போம். பிரேசில் நாட்டு விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைவிக்கப்பட்டு, 1876ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆகையால் இம்மரம் நமக்குப் புதிதன்று. மரத்தின் பால் உறைந்து கிடைக்கும் பச்சை இறப்பர் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்தன்மையும் பெறும் என்பதை 1839ஆம் ஆண்டில் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டார். நம் வண்டியின் திண்டும் அவ்வாறு பதப்படுத்தப்பட்ட இறப்பரே.

எனினும் அதற்கும் மூப்பு உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரின் நுண்ணிய இழைத் தொடர்களை மெல்ல மெல்ல அறுக்கின்றன. மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. புகைக்குழாயின் வெப்பம் இம்மூப்பை விரைவுபடுத்தும். இயந்திர எண்ணெய் சொட்டினால் இயற்கை இறப்பர் ஊதிப் பருத்து மென்மையாகிவிடும். இவற்றோடு, ஓயாத பாரம் என்பதும் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காக நசுக்குண்ட இறப்பர், பாரத்தை எடுத்த பின்னரும் பழைய உயரத்திற்கு மீள்வதில்லை. பழைய மெத்தையின் நடுவே பள்ளம் நிலைத்து நிற்பது போன்றதே இதுவும். மூட்டைகளும் பயணிகளும் வந்து போவார்கள். சாரதியோ நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்கிறார். ஆகவே, நமது நாட்டில், வலப்பக்கத்துத் திண்டுகள் முந்தித் தளர்வதில் வியப்பில்லை.

இறப்பர் ஒன்றே காரணமாயின் நாம் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அதன் கீழேயுள்ள இரும்புக் கையும், அதன் மேலேயுள்ள கூண்டின் தளமும் துருவேறித் தளர்ந்திருக்கக் கூடும். மாமாவின் வண்டியில் நிகழ்ந்தது அதுவே. மீன் பெட்டிகளிலிருந்து உருகி வடியும் உப்புநீர் சுமைப்பெட்டியின் முன்விளிம்பால் ஒழுகி, கூண்டின் பின்மூலைகளிலே விழும். அங்கே சேறும் தங்கியிருக்கும். சேறு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பு துருவை ஊக்கும். வெளியே நிறப்பூச்சு பளபளவென்றிருக்க, உள்ளே தகடு கடதாசி போல மெலிந்துவிடும். அத்தகைய தகட்டின்கீழ் வாஷர்களை அடுக்கினால், முன்னே அகன்ற இறப்பரில் பரவி நின்ற பாரம் இப்போது ஒரு சிறு வட்டத்திலே குவிகிறது. கதவு பூட்டுப்பட்டது உண்மை. ஆனால் தகட்டின் ஆயுள் அன்றே எண்ணப்பட்டுவிட்டது.

ஆகவே, முதல் வேலை கழற்றுவதன்று, அளப்பது. வண்டியைச் சமமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். நான்கு ரயர்களுக்கும் உரிய அளவு காற்று இருக்கட்டும்; சுமை எதுவும் இருத்தலாகாது. பின்பு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதற் கேள்வி: சாய்ந்திருப்பது கூண்டா, வண்டி முழுவதுமா? அடிச்சட்டத்தில் இரு பக்கத்தும் ஒத்த இரண்டு இடங்களைத் தெரிந்து, தரையிலிருந்து அவற்றின் உயரத்தை அளவுங்கள். இவ்வுயரங்கள் வேறுபட்டால், குற்றம் வில்லுப் பட்டைகளிலோ முன் அச்சின் பொறுப்பிலோ உள்ளது. அவ்வாறாயின் கூண்டின் போல்ட்டுகளைத் தொடவேண்டா. அடிச்சட்டம் சமமாக இருந்தால், அதிலிருந்து கூண்டின் அடிவிளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு மூலைகளிலும் அளவுங்கள். எந்த மூலை குறைந்திருக்கிறதோ அங்கேதான் நமக்கு வேலை. தரை சமமோ என்று ஐயம் எழுந்தால், மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் போதும். தெளிந்த குழாயொன்றில் நீர் நிரப்பி, இரு நுனிகளையும் இரு பக்கத்துக்குக் கொண்டுபோனால், நீர் பொய் சொல்லாது.

இரண்டாவது கேள்வி: குற்றம் கூண்டிலா, கதவிலா? கதவை அரை அடி திறந்து, அதன் பிடியுள்ள பக்கத்தை மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் பிணைச்சல்கள் தேய்ந்திருக்கின்றன. பிணைச்சல் தேய்ந்த கதவு தொங்கும். அதனைப் பூட்டத் தூக்கவேண்டும். கூண்டின் பின்மூலை தாழ்ந்தாலோ, கதவின் நாக்குப் போய் விழும் தூண் கீழே இறங்குகிறது. அப்போது கதவை அழுத்தவேண்டியிருக்கும். தூக்குவதா, அழுத்துவதா என்ற இச்சிறு வேறுபாடே பெரும்பாலும் நமக்கு வழிகாட்டும். ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள்: பெட்டி முழுவதும் ஒருபுறம் சாய்ந்தால் கதவின் பொருத்தம் மாறாது. மூன்று மூலைகள் தாங்க, ஒரு மூலை மட்டும் தாங்கலின்றித் தொங்கும்போதுதான் மாறும். ஆகவே பொருந்தாத கதவு, கூண்டு முறுக்குண்டு நிற்கின்றது என்பதற்குச் சாட்சி.

மூன்றாவது கேள்வி: இரும்பு நலமாக உளதா? இதற்காகவே குனிய வேண்டும். கம்பித் தூரிகையால் சேற்றையும் துருச் செதிளையும் அகற்றுங்கள். ஒரு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். துருத்தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், அங்கே இறப்பரை மாற்றுவதனால் பயனில்லை. கூண்டினுள்ளே தரைவிரிப்பை உயர்த்தி, மேற்புறத்தையும் பாருங்கள். போல்ட்டின் தலையைச் சுற்றித் தகடு குழிந்திருந்தாலோ, நட்சத்திரம் போல வெடிப்புகள் ஓடியிருந்தாலோ, அது எச்சரிக்கை.

இரும்பு நலமில்லை எனின், தேர்ந்த வெல்டரிடம் செல்லவேண்டும். துருவின்மேல் தகடு வைத்து ஒட்டுவது வேலையன்று. நல்ல உருக்கு தோன்றும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள தகட்டைப் பொருத்த வேண்டும். வெல்டிங்கின்போது பற்றறியின் இணைப்பு கழன்றிருக்கட்டும். எரிபொருட் தாங்கியும் குழாய்களும் அருகில் இருப்பின் அவற்றை அகற்றிவிடுங்கள். அடிச்சட்டத்தில் வெட்டுவதாயின், அதிற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்திற்கு ஊறு நேராமற் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் பதிவு அவ்விலக்கத்தோடு பிணைந்தது. அது அழிந்தால் வண்டி உங்களுடையது என்று நிறுவுவதே கடினமாகிவிடும்.

இரும்பு நலமே, இறப்பர்தான் தளர்ந்தது என்று உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். முதல்நாள் மாலையே எல்லாப் போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பொறுமையற்று முறுக்கினால் போல்ட் முறியும். அல்லது, கூண்டினுள்ளே ஒட்டப்பட்டிருக்கும் நட்டு பிடிவிட்டுச் சுழலத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் வேலை மூன்று நாள் வேலையாகும்.

மறுநாள், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பற்றறியின் பூமி இணைப்பைக் கழற்றுங்கள். பின்பு, கூண்டு உயரும்போது எவை எவை இழுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் தண்டின் மூட்டு, கியர்த் தண்டின் உறை, பிரேக், கிளச் குழாய்கள், ரேடியேட்டரின் இறப்பர்க் குழாய்கள், கூண்டையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பூமிக் கம்பி, வெப்பக் குழாய் உள்ள வண்டிகளில் அதுவும் இவற்றுட் சில. ரேடியேட்டர் கூண்டோடு உயருமா, அடிச்சட்டத்தோடு நிற்குமா என்று அறிந்துகொள்ளுங்கள். கூண்டோடு உயர்வதாயின் விசிறி அதன் உறையிற் படக்கூடும்.

இனிப் போல்ட்டுகள். சீர்செய்யும் பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மறுபக்கத்துப் போல்ட்டுகளை இளக்கினாற் போதும், கழற்றவேண்டா. அவை அன்று பிணைச்சல் போல நின்று, கூண்டு வழுவாமற் காக்கும். ஜக்கை நேரே தளத்தின்கீழ் வைத்தால் மெல்லிய தகடு குழிந்துவிடும். இரண்டடி நீளமான தடித்த பலகையொன்றை, கூண்டின் அடியிலுள்ள உறுதியான பட்டிகளின் குறுக்கே படுமாறு வைத்து, அப்பலகையின்கீழ் ஜக்கை நிறுத்துங்கள். சிறிது தூக்குங்கள், நிறுத்துங்கள், சுற்றிவந்து பாருங்கள், மறுபடி சிறிது தூக்குங்கள். பழைய திண்டை எடுத்துப் புதியதைச் செருக ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் போதும். அதற்குமேல் உயர்த்துவது ஆசையாலன்றித் தேவையால் அன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜக் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. உயர்ந்த கூண்டுக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையே உறுதியான மரக்கட்டையை வைத்துவிட்ட பின்னரே விரல்களை உள்ளே விடவேண்டும். ஜக் நழுவினால் கூண்டின் பாரம் முழுவதும் இறங்கும். விரல் மீண்டும் முளைப்பதில்லை.

புதிய திண்டுகள் வாங்கும்போது முன்பக்கத்தவை, பின்பக்கத்தவை என்று பாகுபாடு உளதா எனப் பாருங்கள். பல வண்டிகளில் அவற்றின் உயரமும் கடினமும் வேறு. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தாலும் எல்லாத் திண்டுகளையும் ஒருங்கே மாற்றுவது நன்று. புதியதும் பழையதும் கலந்தால், நாம் நீக்க வந்த சாய்வையே மறுபக்கமாக உண்டாக்குவோம். பழைய ரயரை வெட்டித் திண்டாக வைக்கும் வழக்கமும் உண்டு. போர்க்காலத்தில், 1990ஆம் ஆண்டின் பின் வடக்கிற்கு உதிரிப்பாகங்கள் வரத் தடை இருந்தபோது, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். அவ்வகைக் கைவேலைகளை இகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க ரயர்த் துண்டு உதவும். ஆனால் அதனுள் இழைகள் உள. அது திண்டைப் போல நெகிழாது. நடுவே குழாய்த் துண்டை ஒழுங்காகப் பிடிக்கவும் மாட்டாது. அதனை நிலையான மருந்தாகக் கொள்ளலாகாது. பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளாற் செய்த திண்டுகளும் இன்று கிடைக்கின்றன. அவை எண்ணெய்க்கு இலகுவில் இளகா, நெடுநாள் நிற்கும். ஆனால் இறப்பரைவிடக் கடினமானவை. ஆதலால் அதிர்வு கூடுதலாகத் தெரியும்.

நடுவேயுள்ள இரும்புக் குழாயை மறவாதீர்கள். துருவேறிச் சிறுத்திருந்தால் புதிது வேண்டும். அது இல்லாமல் நட்டை முறுக்கினால், புதிய இறப்பர் அன்றே நசுங்கிப் பழையதாகிவிடும்.

எல்லாத் திண்டுகளும் அமர்ந்தபின் கூண்டை இறக்கி, நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, மறுபடி நான்கு மூலைகளையும் அளவுங்கள். இப்பொழுதும் ஒரு மூலை சிறிது குறைந்திருந்தால், அங்கே அளவுத்தகடு ஒன்றை வைக்கலாம். இது வாஷரன்று, திண்டின் முழு அகலத்திற்கும் வெட்டி நடுவே துளையிட்ட உருக்குத் தகடு. பாரம் அகலமாகப் பரவவேண்டும் என்பதே இங்கு விதி. எவ்வளவு தடிப்பு? இரு பக்கத்துத் திண்டுகளுக்கும் இடையே நான்கடி தூரம் என்றும், கூண்டின் கூரை அங்கிருந்து நான்கடி உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். ஒரு பக்கத்தில் எட்டிலொரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 3 மிலிமீற்றர், உயர்த்தினால், கூரை மறுபக்கமாக எட்டிலொரு அங்குலம் நகரும். கீழே செய்த சிறு மாற்றம் மேலே அவ்வாறே தோன்றும். ஆகையால் 3 மிலிமீற்றர் தகட்டோடு தொடங்குங்கள். அவ்வாறான இரண்டு தகடுகளுக்கு மேல் தேவைப்பட்டால் நின்றுவிடுங்கள். எங்கோ இரும்பு வளைந்திருக்கிறது. தகடு அதனை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

அளவுகள் ஒத்தபின் நட்டுகளை ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாறிமாறி முறுக்குங்கள். பூமிக் கம்பியையும் பிற இணைப்புகளையும் மீட்டமையுங்கள். வண்டியை நகர்த்துமுன், ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். எல்லாக் கியர்களிலும் போட்டுப் பாருங்கள். பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கதவுகளைச் சரிசெய்வது இவையனைத்திற்கும் பின்னரே. முதலிற் கதவைத் திருத்திவிட்டுப் பின்பு கூண்டைத் தூக்குபவர், கதவை இரண்டாம் முறையும் திருத்தவேண்டி வரும். ஒரு வாரம் ஓடிய பின், புதிய இறப்பர் அமர்ந்திருக்கும். அப்போது நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

பராமரிப்பு அரிதன்று. மீனோ உப்போ ஏற்றிய நாளில், நல்ல தண்ணீரால் கூண்டின் பின்மூலைகளையும் அடிப்புறத்தையும் கழுவுங்கள். கூண்டின் அடியில் நீர் வடிவதற்கென விடப்பட்டுள்ள துளைகளைச் சேறு அடைக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள். துருவைத் தடுக்கப் பழைய எண்ணெயை அடியிற் பூசுவோர், அது இறப்பரிற் படாமற் பூசவேண்டும். இரும்பைக் காக்கும் எண்ணெயே இறப்பருக்கு நஞ்சு.

மாமாவின் வண்டி பின்னர் சீர்பெற்றது. தளத்தின் மூலையை வெட்டிப் புதுத்தகடு வைத்து, இரும்புக் கை ஒன்றை மாற்றி, எல்லாத் திண்டுகளும் புதிதாகப் போட எட்டு நாட்கள் சென்றன. அந்த எட்டு நாட்களும் அவருக்கு வருமானம் இல்லை. முதல்நாளிலேயே இவ்வேலையைச் செய்திருந்தால் இரண்டு நாட்களில் முடிந்திருக்கும் என்று வெல்டர் சொன்னார். இப்போது மாமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாக்கொன்றை நிலத்தில் விரித்து, ஒரு கைவிளக்கோடு வண்டியின்கீழ்ப் படுத்துப் பார்க்கிறார். கதவைப் பார்ப்பதற்கு நின்றாற் போதும். வண்டியைப் பார்ப்பதற்குக் குனியத்தான் வேண்டும்.